ஒரு கோழியும் சாகாத ஊரின் மோதினார்

காசிம் நானாவின் மகள் பரீனா தொலைபேசி எடுத்தபோது நான் கந்தோருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "மிஸ், வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹுக்குப் பாங்கு சொல்லி, தொழுதிட்டு வந்து சாய்ஞ்சவங்க, எழும்பல்ல" என்றாள். ஒரு மனிதர் போன செய்தி கேட்டால் வாயில் வர வேண்டிய சொற்கள் எவ்வளவோ உண்டு. எனக்கு வந்தது, "காய்ச்சல் இருந்ததோ?" அதோடு விட்டேனா? "இந்தக் கிழமை கோழி ஏதும் அறுத்தவரோ?" என்றும் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது.

பரீனா கோபிக்கவில்லை. நான் இதைத்தான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியுமாம். காய்ச்சல் இல்லை, நோய்க் கோழி ஒன்றும் அறுக்கவும் இல்லை என்றாள். முந்தின நாள் ஒரு கோழி வந்ததாம். அதைக் கூடையால் மூடி, மேலே கல் வைத்துவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தாராம். "அது இன்னும் கூடைக்குள்ளதான் இரிக்கி மிஸ். நீங்க வாங்க" என்றாள்.

மையித்து வீட்டுக்கு ஐஸ் பெட்டியோடு போனவள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசலில் கதிரைகளில் இருந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். அந்தப் பார்வையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

காசிம் நானா புத்தளக் களப்போரத்து ஊர் ஒன்றின் பள்ளிவாசலில் பல வருடங்கள் மோதினாராக இருந்தவர். ஊரின் பெயரை எழுத மாட்டேன். பள்ளிவாசல்துறையிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம் என்று மட்டும் சொல்கிறேன். என்னால் அந்த ஊர் ஏற்கெனவே பட்டது போதும். ஐந்து நேரமும் பாங்கு சொல்வது அவருடைய வேலை. ஊராருடைய கோழிகளை முறைப்படி அறுத்துக் கொடுப்பதும் அவருடைய வேலையாகவே இருந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிய சங்கதி இல்லை. ஆனாலும் நான் எழுதுவது அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான். உங்களில் பலர் அவரைச் சந்தேகித்தீர்கள். நீங்கள் சந்தேகித்திருக்க வேண்டிய ஆள் நான்.

நான் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். சண்டை முடிந்த பிறகு என்னோடு வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். எனக்கு இங்கே கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் கள உத்தியோகம் கிடைத்திருந்ததால் தங்கிவிட்டேன். டொக்டர் இல்லை, டொக்டருக்காக வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள், மாதிரி எடுக்கிறவள். சனம் எனக்கு வைத்த பெயர் கோழி மிஸ். எனக்கு ஆட்களை நம்பும் பழக்கம் குறைவு. படலையைத் திறந்து வந்து "ஒன்றுமில்லை, சும்மா விசாரிக்கத்தான்" என்றவர்களை நம்பி எங்கள் பக்கத்தில் பட்ட பாடு கொஞ்சமா? கடைசியில் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு படலை படலையாகப் போகும் உத்தியோகம் எனக்கே வாய்த்தது. தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் வாடைக்காற்றோடு வெளிநாட்டுப் பறவைகள் களப்பில் வந்து இறங்கிய சமயம், வீட்டுக் கோழிகளைக் கவனிக்கும்படி எங்களுக்கு மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மற்ற நாடுகளில் பறவைக் காய்ச்சல் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. அதன் கிருமி நீர்ப்பறவைகளின் வயிற்றில் பேசாமல் இருந்து, எச்சத்தோடு தண்ணீரில் விழுந்து, மேய வரும் தாராவுக்கும் கோழிக்கும் போகும். மனிதனுக்கு லேசில் வராது. வந்தால் பெரும்பாலும் நோய்க் கோழியைக் கையால் தொட்டவனுக்கு, அறுத்தவனுக்கு, இறகு பிடுங்கியவளுக்குத்தான் வரும். வந்தவர்களில் பலர் பிழைக்கவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவ அதற்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் மனித உடம்புக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் அதைப் பழகிக்கொள்ள அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எனக்குச் சொல்லித் தந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

மூன்று கிழமைகள் அந்த ஊரில் வீடு வீடாகக் கேட்டேன். "கோழி ஏதும் செத்ததோ?" எல்லா வீட்டிலும் ஒரே பதில். "இல்ல மிஸ், ஒண்டும் சாகல்ல." சிரித்த முகம், பிளேன்டீ, போகும்போது ஒரு முருங்கைக்காய்க் கட்டு. மூன்று கிழமையும் "கோழி இறப்பு இல்லை" என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பக்கத்து ஊர்களில் ஆங்காங்கே கோழி செத்துக்கொண்டிருக்க, இந்த ஊரில் மட்டும் ஒரு கோழியும் சாகவில்லை என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? இவர்கள் என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சந்தேகம் முற்றியது. கடல் கொந்தளித்து நாலைந்து நாளாக ஒரு வள்ளமும் போகவில்லை. ஊரில் காசு புழக்கம் இல்லை. அப்படியிருக்க மத்தியானம் ஒழுங்கை முழுக்கக் கோழிக்கறி மணத்தது. பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை. முதலில் எனக்குப் பட்டது களவு. யாரோ ஒரு பண்ணையின் கோழிகளை லொறியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். மோப்பம் பிடித்துக்கொண்டு போனால் பள்ளிவாசலின் பின்மதிலுக்குப் பக்கத்தில் இறகுக் குவியல் கிடந்தது. பண்ணைக் கோழியின் வெள்ளை இறகு இல்லை. கறுப்பு, சிவப்பு, புள்ளி, எல்லாம் ஊர்க்கோழி. அவற்றில் இரண்டு மூன்றை நான் உயிரோடு பார்த்திருக்கிறேன்.

மதிலுக்கு வெளியே நின்றே கேட்டேன். கிணற்றடியில் கத்தி கழுவிக்கொண்டிருந்த மெலிந்த மனிதர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கோழி மிஸ்தானே. ஊரெல்லாம் என்ன கேட்டீங்க? கோழி செத்ததா எண்டு. இல்ல எண்டாங்க. அது உண்மைதான். ஒண்டையும் சாக விடல்ல" என்றார்.

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. எங்கள் பக்கத்தில் நோய் வந்த கோழி தூங்கி விழுந்து சாகும். குழி வெட்டித் தாழ்ப்போம், அல்லது பற்றைக்குள் எறிவோம். அதனால் எனக்கு வேறு கேள்வி தெரியவில்லை. இங்கே தானாகச் செத்த கோழி ஹராம். யாரும் வாயில் வைக்க முடியாது. ஆகவே கோழி கொஞ்சம் தலை சாய்த்தால், வாலைத் தொங்கப் போட்டால், அது சாகமுன் தூக்கிக்கொண்டு மோதினாரிடம் ஓடிவருவார்கள். நோய் முற்ற முற்ற ஓட்டம் வேகமாகும். சாவதற்கு இடமே இல்லாத ஊரில் போய் நான் சாவைத் தேடியிருக்கிறேன். ஒருவரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. பிழையாகக் கேட்டவள் நான்.

அப்படி ஓடிவந்த கோழியை அவர் வாங்கும் விதத்தை அன்றைக்கே பார்த்தேன். சட்டென்று கத்தியை எடுக்க மாட்டார். கட்டைவிரலால் இமையை உயர்த்திக் கோழியின் கண்ணைப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவரின் கண்ணைப் பார்ப்பார். எப்போதிருந்து தூக்கம், எப்போது கடைசியாகத் தீன் கொத்தியது என்று கேட்பார். உயிர் இருக்கும்போதுதான் கத்தி பட்டது என்று அவர் சாட்சி சொல்ல வேண்டும். செத்ததை அறுத்து ஊருக்கு ஊட்டிவிட்டேன் என்று நாளைக்கு ஆண்டவன் கேட்டுவிடக்கூடாது. சந்தேகப்படுவதில் எனக்கு ஈடான ஒருவரைப் புத்தளத்தில் அன்றைக்குத்தான் கண்டேன்.

அவரிடம் விசயத்தைச் சொன்னேன். இந்த நோய் எதுவென்று தெரியாது, கோழிகளை மட்டும் கொல்லும் ராணிக்கட் என்றால் பயமில்லை, பறவைக் காய்ச்சல் என்றால் இந்த ஊரில் அது முதலில் பிடிக்கும் ஆள் நீங்கள்தான், ரத்தம் தெறிப்பது உங்கள் முகத்தில் என்றேன். அவர் சிரித்தார். "அப்ப என்னக் காப்பாத்தவா வந்தீங்க? அப்படி ஒரு கவண்மெண்ட் ஆள நான் இன்னும் காணல்ல" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த நோய்தான் என்று தெரிந்தால் ஊர்க் கோழிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தொலைக்காட்சியில் பார்த்திருப்பார் போலும். உயிரோடு சாக்கில் போட்டுப் புதைப்பதை. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அந்த நோய்தான் எண்டால், ஓம், எல்லாத்தையும் கொல்லுவினம்" என்றேன்.

"செத்தா ஹராம். சாக முந்தி அறுத்தா ஹலால். அதுக்கு நடுவுல நிக்கிறது நான் ஒருத்தன்" என்றார் காசிம் நானா. "ஒரு பொம்பிள ஓடி வாறா. அவட வீட்டுல அந்தக் கிழம முழுக்க ஆணம் ஆக்க அந்தக் கோழிதான் இரிக்கி. அவட்ட நான் 'மிஸ் வேணாம் எண்டாங்க' எண்டு சொல்லவா?" கடைசியில், இன்னும் அறுக்காமல் கிடந்த மூன்று கோழிகளில் மாதிரி எடுக்க விட்டார், யாருடைய கோழி என்று கேட்கக்கூடாது என்ற பேச்சில். தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தேன். நான் படலையைத் தாண்டுமுன் மூன்றும் அறுபட்டன.

இனி எழுதப்போவதை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை. அந்த மாதிரிகளை மீன்வாடியில் கேட்டு வாங்கிய ஐஸுக்குள் வைத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். தொடர்ந்து விடுமுறை நாட்கள். நானே பஸ் ஏறி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். வாகனம் வரும்தானே என்று அலுப்பில் விட்டுவிட்டேன். விடுமுறை முடிந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் சூடாகிக் கிடந்தது. சூடு பட்டால் மாதிரியில் உள்ள கிருமி அழிந்துபோகும். இருந்தாலும் இல்லை என்றுதான் முடிவு வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தண்ணீரை ஊற்றிவிட்டுப் புது ஐஸ் போட்டேன். குளிர் குறையாமல் வைத்திருந்ததாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் லுஹருக்குப் பாங்கு வேறு குரலில் கேட்டது. நான் அடுத்த ஊரில் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்; களப்புக்கு மேலால் அந்தக் குரல் வந்ததும் கை நின்றுவிட்டது. போய்க் கேட்டால் காசிம் நானாவுக்குக் கடும் காய்ச்சல், இருமல், கண் சிவந்திருக்கிறது, ஆசுபத்திரியில் விட்டிருக்கிறது என்றாள் பரீனா. டொக்டரிடம் கோழி அறுத்ததைச் சொன்னாரா என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னால் ஊர்க் கோழி முழுதையும் கொன்றுவிடுவார்கள், வாயைத் திறக்காதே என்று வாப்பா சத்தியம் வாங்கியிருக்கிறாராம். தன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே, ஊராருடைய கோழிகளுக்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார் மனிதர்.

நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. நேரே ஆசுபத்திரிக்குப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் உருகியதைத் தவிர. உடனே அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் முகமூடியும் அங்கியும் போட்டார்கள், வீட்டாரை விடவில்லை. அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை, சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அவர் என்னைப் பார்த்த பார்வை! திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இமையை உயர்த்திப் பார்ப்பாரே, அதே மாதிரி என்னைப் பார்த்தார்.

செய்தி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று பின்னேரம் ஒழுங்கைகளில் ஒரு கோழியும் இல்லை. கரையில் ஒரு வள்ளம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. உச்சமுனைத் தீவில் இருக்கும் சொந்தக்காரரிடம் கோழிகளை ஒளித்து வைக்க ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன. நோய் அதுதான் என்றால் அதை நாங்களே வள்ளம் ஓட்டித் தீவுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். கத்தினேன், கெஞ்சினேன். ஓர் உம்மா என் கையைப் பிடித்து, "மிஸ், எங்கட மோதினார அடைச்சு வச்சாச்சு. இனிக் கோழியையுமா?" என்றார். வள்ளம் போய்விட்டது. சொந்தச் சாமான்களை இரவோடிரவாக ஒளித்த குடும்பத்தில் பிறந்தவள் நான். அவர்களை வைவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கரையில் நின்று யோசித்தேன்.

முடிவுகள் வந்தன. கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் இல்லை; ராணிக்கட்டாகத்தான் இருக்கும் என்று எங்கள் கந்தோர் டொக்டர் முடிவு கட்டினார். காசிம் நானாவின் தொண்டையில் எடுத்ததிலும் அது இல்லை. அவருக்கு வந்தது மனிதர்களுக்கு வரும் சாதாரணக் காய்ச்சல். ஊர் மூச்சுவிட்டது. கோழிகள் தீவிலிருந்து திரும்பி வந்தன. ஆளுக்கு இல்லை என்பதை நான் நம்பினேன். கோழிக்கு இல்லை என்பதை எப்படி நம்புவேன்? அந்தத் தாளை எழுதவைத்தது என்னுடைய வெந்நீர்ப் பெட்டி.

ஆனால் ஊருக்கு ஒரு கணக்குத் தீரவில்லை. யார் போய்ச் சொன்னது? கோழி அறுபடுவது வெளியே எப்படித் தெரிந்தது? வேறு யாருக்குத் தெரியும், மோதினாரைத் தவிர! நான் மதிலடியில் அவரோடு கதைத்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். கோழிகளைக் காட்டிக் கொடுத்தது அவர்தான் என்று பேச்சு எழும்பியது. காட்டிக் கொடுப்பது என்ற சொல்லை நான் எங்கே, எப்படியெல்லாம் கேட்டு வளர்ந்தேன் என்பதை இங்கே விரிக்க விரும்பவில்லை. மாதக்கணக்கில் ஊரார் கோழிகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பாங்கு சொன்னார், தொழுதார், வீட்டுக்குப் போனார். கிணற்றடியில் கத்தி துருப்பிடித்தது. ஒரு வார்த்தை, "நான் இல்லை, அந்த மிஸ்" என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்பதைப் பரீனா பிறகு சொன்னாள். "அவ வெளியூர்ப் பொம்பிள. அவட பேரச் சொன்னா எந்த வீட்டுல அவவ உள்ள எடுப்பாங்க? ஊசி போட வாற ஒரு ஆள் அவதான்" என்றாராம்.

அது எனக்குத் தெரியாத காலத்திலேயே அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்த ஐஸ் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மதிலுக்கு வெளியே நின்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆய்வுகூடம் 'இல்லை' என்றதை நம்பாதீங்கோ, அது என்ர பிழை, நீங்கள் தப்பினது உங்கட நல்ல காலம் என்றேன். என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவார், எழுதட்டும் என்று நின்றேன்.

"புள்ள, எங்கட சட்டம் ஒண்டு சொல்றன்" என்றார். அதுவரை மிஸ் என்றுதான் சொல்லிவந்தார். "கத்தி வைக்கிற நேரம் ஹயாத்து இருந்திச்சா இல்லையா எண்டு எனக்குச் சந்தேகம் வந்தா, அந்தக் கோழிய விட்டுடணும். யாருக்கும் குடுக்கப்படாது. நான் அந்தச் சந்தேகத்த மட்டும்தான் இவ்வளவு நாளும் பார்த்தன். உங்கட சந்தேகமும் சந்தேகம்தானே." பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டு, தான் அறுப்பதோடு கை கழுவிவிடுவதாகவும், இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது எல்லாம் வீட்டிலுள்ள பெண்கள் என்றும், ஆசுபத்திரி அறையில் கிடந்தபோது அதையே நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்ததை உங்களில் பலர் கிறுக்கு என்றீர்கள். தன் வளவில் பத்துப் பன்னிரண்டு நல்ல கோழிகளை வளர்த்தார். என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் ஊசி போடவைத்தார். பிறகு ஊருக்குச் சொன்னார்: தூங்குகிற கோழியை என்னிடம் கொண்டுவாருங்கள், அதை வைத்துவிட்டு என் கோழி ஒன்றை அறுத்து வாங்கிக்கொண்டு போங்கள். கோழிக்குக் கோழி. முதலில் யாரும் நம்பவில்லை. நோய்க் கோழியை வாங்கி அரசாங்கத்துக்கு விற்கிறார் என்றுகூட ஒரு கதை உலாவியது. பசி பெரிய விசயம். ஒருத்தி வந்தாள், நல்ல கோழியோடு போனாள், பிறகு எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கு ஆணமும் கெடவில்லை, ஹலாலும் கெடவில்லை. நோய்க் கோழியை மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூடையால் மூடுவார். எனக்கு அழைப்பு வரும். "கண் சரியில்ல, புள்ள. வாங்க." நான் போகும்போது சில செத்திருக்கும், சிலதை நான் முடிப்பேன். குழியில் சுண்ணாம்பு போட்டுத் தாழ்ப்போம். பறவைக் காய்ச்சல் ஒருநாளும் அகப்படவில்லை. அகப்படாததால் எங்கள் இரண்டு பேரில் யாருக்கும் சந்தேகம் குறையவும் இல்லை.

எங்களுக்குள் பெரிய சிநேகம் என்று நினைக்க வேண்டாம். நான் ஐஸ் பெட்டியை மூடும்போது அவர் திறந்து பார்ப்பார். அவர் கை கழுவினாரா என்று நான் கேட்பேன். அந்த ஊரில் யார் வீட்டிலும் நான் கோழிக்கறியோ முட்டையோ சாப்பிடுவதில்லை என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது என்று ஊருக்கெல்லாம் நீங்கள்தானே பிரசங்கம் செய்கிறீர்கள் என்று குத்துவார். எனக்குக் கோழி பிடிக்காது என்பேன். "கோழியப் பிடிக்காதா, எங்களப் பிடிக்காதா?" என்பார். சிரித்துச் சமாளிப்பேன்.

அவரை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு, பரீனா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாள். கூடைக்கு மேல் கல் அப்படியே இருந்தது. பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர், அவர் வைத்தது. உள்ளே ஒரு புள்ளிக்கோழி தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது. முகமூடியைக் கட்டி, கையுறை போட்டு மாதிரி எடுத்தேன். பரீனா தள்ளியே நின்றாள். எல்லாம் முடிந்து பெட்டியை மூடும்போதுதான் கேட்டாள். "வாப்பாக்கு இதாலயா மிஸ்?"

நெஞ்சடைப்பு என்றுதான் டொக்டரும் சொல்லியிருந்தார். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை 'எல்லாம் சரி' என்று கையெழுத்து வைத்தவள் நான். "தெரியாது பரீனா. பார்த்திட்டுச் சொல்றன்" என்றேன். அவள் அழுதாள். வந்ததிலிருந்து அழாமல் இருந்த நானும் அழுதேன்.

வாகனத்துக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஐஸ் மாற்றினேன். எங்கே, எத்தனை மணிக்கு என்று படிவத்தில் எழுதினேன். சில நாட்களில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. ராணிக்கட்டும் இல்லை. வெயிலோ, பூச்சியோ, என்ன இழவோ. பரீனாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஐஸ் உருகல்லயே மிஸ்?"

அப்படியென்றால் வாப்பா மகளிடம் சொல்லியிருக்கிறார். ஊரிடம் சொல்லவில்லை, மகளிடம் மட்டும். அவளும் இத்தனை வருடமாக எனக்குப் பிளேன்டீ தந்துகொண்டு அதை வெளியே காட்டவில்லை. "உருகேல்லை. பார்த்துக்கொண்டே போனனான்" என்றேன். "அப்ப சரி" என்றாள்.

அவரைத் தெரிந்தவர்களே, காட்டிக் கொடுத்தவர் காசிம் நானா இல்லை. இறகுகளைக் கண்டவள் நான், ஆசுபத்திரியில் சொன்னவள் நான், ஐஸை உருக விட்டவளும் நான். இதைப் படித்துவிட்டு உங்கள் படலைகளை எனக்குச் சாத்துவதென்றால் சாத்துங்கள். அவருக்கு நீங்கள் கேட்கும் துஆவில் பழைய சந்தேகம் ஒட்டியிருக்கக்கூடாது என்பதற்காகவே எழுதினேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு கேள்வி. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கோழி செத்ததா என்று நான் கேட்பதில்லை, கடைசியாகக் கோழிக்கறி ஆக்கியது என்றைக்கு என்று கேட்கிறேன்.

இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. அந்தப் புள்ளிக்கோழி பிழைத்துவிட்டது. சொந்தக்காரி அதற்குப் பதிலாக நல்ல கோழி வாங்கிவிட்டதால் திரும்ப எடுக்க மறுத்தார். பரீனாவின் வீட்டில் அதை அறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் கொண்டுவந்துவிட்டேன். அவருடைய கூடைக்குள் போனவற்றில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். காலையில் கூட்டைத் திறந்ததும் பிடித்து, கட்டைவிரலால் இமையை உயர்த்திக் கண்ணைப் பார்க்கிறேன். போன கிழமை முட்டையிட்டது. நன்றாக அவித்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். நானா, உங்கள் ஊர்க் கோழியில் நான் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை.